நத்தை ஓடு கிடந்த மண்

பசுமலை,
ஈஸ்வர வருஷம் ஐப்பசி 26

அன்பு மகள் ஜெயக்கொடிக்கு உன் அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம் என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதிவிடுகிறேன். நேற்று நான் கொடுத்த தந்தி உன் கைக்கு வந்தபோது நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நம்மவர் வீட்டுக்குத் தந்தி வந்தால் அதைப் பிரிப்பதற்கு முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். அதனால்தான் யாவரும் சுகம் என்பதை முதலில் போடச் சொல்லி, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடாதே, கடிதம் வருகிறது என்று எழுதிக் கொடுத்தேன். தந்தி குமாஸ்தா, சுகத்தை எடுத்துவிட்டால் கட்டணம் குறையுமே என்றார். என் மகளுக்கு அதுதான் ஐயா முக்கியம் என்றேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை முத்துத்தாயும் சுகமாக இருக்கிறீர்களா, மாப்பிள்ளைக்கு அந்தக் குளிர்காய்ச்சல் மறுபடி வரவில்லையே என்று உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அதையும் எழுது இதையும் எழுது என்கிறாள், எல்லாவற்றையும் எழுதுகிறேன், கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் பிடித்த மழை இன்னும் முழுதாக விடவில்லை. ஏழு வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒரு மழை. காலையில் எழுந்து பார்த்தால் குன்று இருந்த இடத்தில் வெறும் வெண்மைதான் நிற்கிறது, அதற்குள்ளிருந்து பள்ளிக்கூட மணி மட்டும் கேட்கிறது, மணி அடித்துச் சற்று நேரம் கழித்து மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி, நெற்றியில் வெள்ளை. கொல்லைப்புற ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, மழை நின்றதும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா ஒழுகும் இடத்தில் பித்தளை அண்டாவை வைத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜெயக்கொடி சின்னப் பிள்ளையில் இந்தச் சத்தத்தில்தான் தூங்குவாள் என்கிறாள். நீ அப்படித் தூங்கினதாக எனக்கு ஞாபகம் இல்லை, ஆனாலும் மறுத்துப் பேசவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புரட்டாசிக் கடைசியில் நீ எழுதிய கடிதத்தை உன் அம்மா என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். நீ வாங்க இருந்த புஞ்சையின் பிடிமண் இங்கிருந்து வந்து சேர்ந்ததையும், தகர டப்பாவைத் திறந்ததும் வீடெல்லாம் ஊர் வாசம் அடித்ததையும், ஒரு பிடியைப் பீங்கான் தட்டில் போட்டுத் தண்ணீர் தெளித்ததும் வேலை முடிந்து வந்த மாப்பிள்ளை சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டதையும் நீ எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. கடல் கடந்து ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே இரண்டு பேரும் ஒரு தட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. கடைசியில், முத்துத்தாய் அந்த மண்ணிலிருந்து மிளகுப் பருமனில் வெள்ளை நத்தை ஓடுகள் பொறுக்கி ஜன்னலில் வரிசையாக வைத்திருக்கிறாள், இந்த வீட்டையெல்லாம் விட்டுவிட்டு நத்தைகள் எங்கே போயின என்று தாத்தாவிடம் கேட்டு எழுதச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தாய். இரண்டு தடவை அந்த வரியைச் சிரித்துக்கொண்டே படித்தேன். மூன்றாவது தடவை படித்தபோது நாக்கு நின்றுவிட்டது. உன் அம்மா, என்ன நிப்பாட்டிட்டீக என்றாள். ஒன்றுமில்லை, கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்றேன். புஞ்சை மண்ணில் தண்ணீர் நத்தைக்கு என்ன வேலை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

தாயி, இதை நான் அந்த மண்ணை அனுப்பும்போதே யோசித்திருக்க வேண்டும். அனுப்பியவன் நான்தான். உன் மாமன் மகன் விருமாண்டி பேரையூரிலிருந்து அதை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து, மாமா, இதுதான் மதினி வாங்கப் போற எடத்து மண்ணு, கருவேலடிப் புஞ்சை, பொன்னு வெளையும் என்றான். குலதெய்வத்துக்குப் பிடிமண் எடுப்பது போல உன் அம்மா இரண்டு கையையும் ஏந்தி வாங்கிச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். அதற்குப் பிறகு அதைக் கிளறிப் பார்க்க யாருக்கு மனம் வரும்? கப்பலேறப் போன ஊர்க்காரர் கையில் நானே டப்பாவை ஒட்டிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்து மேடெல்லாம் செவல் மண், இது மட்டும் ஏன் இப்படிக் கருப்பாக இருக்கிறது என்று கேட்கவில்லை. கருவேலமரம் கூட்டமாக எங்கே நிற்கும் என்பது எந்த ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும், அதையும் கேட்கவில்லை. முப்பது வருஷம் பத்திரிகைக்குச் செய்தி எழுதினேன், கண்ணால் பார்க்காததை ஒரு வரிகூட அனுப்பியதில்லை என்று உன்னிடம் எத்தனையோ தடவை பெருமை பேசியிருக்கிறேன். சொந்த மகள் விஷயத்தில் இருபத்தைந்து மைல் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வர எனக்குத் தோன்றவில்லை. அதற்குக் காரணத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். முறைக்கு நீ விருமாண்டிக்குக் கொடுக்க வேண்டிய பெண். படித்த பெண்ணுக்குப் படித்த மாப்பிள்ளை வேண்டும் என்று நான் நம் மாப்பிள்ளை சிவனாண்டிக்குக் கொடுத்தேன். கல்யாணத்தில் பந்தல் கால் ஊன்றியதும் விருமாண்டிதான், பந்தி முடிந்து எச்சில் இலை எடுத்ததும் அவன்தான். அந்தக் குறை பத்து வருஷமாக என் மனதில் கிடந்தது. அவன் கொண்டுவந்த பத்திரத்தைக் காட்டு என்று கேட்டால், பெண்ணும் கொடுக்கவில்லை, நம்பிக்கையும் இல்லையா என்று அவன் நினைத்துவிடுவான் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சப்பட்டுக்கொண்டு காகிதத்தைப் பார்க்காமல் விடுகிறவன் நான் ஒருவன் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன், நம் பக்கத்தில் பாதிச் சொத்து இப்படித்தான் கைமாறுகிறது.

தீபாவளிக்கு மறுவாரம் மழை சற்று வெறித்த ஒரு விடியலில் திருமங்கலம் போய் அங்கிருந்து பேரையூர் பஸ் ஏறினேன். நீ நீலக் காகிதத்தில் வரைந்து அனுப்பிய வீட்டுப் படத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தேன். ஊருக்கு மேற்கே இரண்டு மைல் நடந்தேன். பனி இறங்கி வழி தெரியவில்லை, தவளைச் சத்தம் மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கரை மேல் ஏறினேன். ஏறினதும் பனி விலகியது. ஜெயக்கொடி, அதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். அசையாத தண்ணீர். மேற்கு மலை முழுதும் அதற்குள் தலைகீழாக நின்றது. நடுவில் உன் கருவேலமரங்கள் இடுப்பளவு தண்ணீரில், மஞ்சள் பூ உதிர்ந்து ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு வட்டமாக மிதந்தது. விருமாண்டி சொன்ன அடையாளம் எல்லாம் சரியாக இருந்தது, வடக்கே ஒற்றைப் பனை, கிழக்கே பாறை, நடுவில் மூன்று மரம். நான் படத்தை எடுத்து விரித்தேன். கிழக்குப் பார்த்த வாசல், மரத்துக்கு நேராக என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது. அடுப்பங்கரை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மீன் துள்ளி வளையம் விரிந்தது. பயமோ கோபமோ அப்போது வரவில்லை என்பதைச் சொன்னால் நீ என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. எனக்கு அந்த வீடு தெரிந்தது. தண்ணீருக்குள் உன் வீடு கட்டி முடிந்து, விளக்கேற்றி, முத்துத்தாய் ஊஞ்சலில் ஆடுவது போலவே இருந்தது. கல் எறிந்தால் கலைந்துவிடும் என்று காலைக்கூட அசைக்காமல் நின்றேன்.

மடை பார்க்கும் மொக்கைச்சாமி என்ற பெரியவர் மண்வெட்டியோடு வந்தார். அய்யா எங்கிட்டுப் போறீக, அங்கிட்டு ஆழமுல்ல என்றார். கருவேலடிப் புஞ்சை பார்க்க வந்தேன் என்றேன். புஞ்சையா, இது கம்மாயிங்கய்யா, ஏழு வருசமா எட்டிப் பாக்காத மகராசி இப்பத்தான் வந்து குந்தியிருக்கா என்று தண்ணீரைக் கும்பிட்டுச் சொன்னார். என் மகள் இங்கே வீடு கட்ட இடம் வாங்குகிறாள் என்று சொல்லவும் கூலிக்குக் கரை அடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஒச்சாயி நிமிர்ந்து பார்த்து, கட்டட்டுமே, கெண்ட மீனுக்கு வாடகைக்கு விட்டா மாசம் தவறாம குடுக்குமாக்கும் என்றாள். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அவளே, வருத்தப்படாதீகய்யா, எம்புட்டோ பேரு இப்படி வந்து பாத்துட்டுப் போறாக, காஞ்சு கெடக்கும்போது இதப் பாத்தா எனக்கே ஒரு குடிசை போடணும்னுதான் தோணும் என்றாள். ஏழு வருஷமாகச் சுற்றிலும் உள்ளவர்கள் கண்மாய்க்குள் சோளம் விதைத்து அறுத்திருக்கிறார்கள். பார்க்கிறவனுக்கு அது நிலம்தான். அன்றைக்கே விருமாண்டி வீட்டுக்குப் போனேன், அவன் வெளியூர் போயிருந்தான், அவன் மனைவியிடம் காகிதத்தை வாங்கிக்கொண்டு கர்ணம் வீட்டுக்குப் போய் அதில் உள்ள சர்வே நம்பரைச் சொல்லிக் கேட்டேன். அவர் கணக்கைப் புரட்டி, அது கரைக்கு அந்தப் பக்கம் உள்ள பாறை மேடு, மதுரையில் ஒருவர் பேரில் இருக்கிறது, ஆடு ஏறி நிற்கலாம், வேறு ஒன்றுக்கும் ஆகாது என்றார். கண்மாய் சர்க்கார் புறம்போக்கு, அதை விற்க யாருக்கும் உரிமை இல்லை. ஆக, உனக்குக் காட்டியது கண்மாய், எழுதிக் கொடுக்க இருந்தது பாறை.

இரண்டு நாள் கழித்து விருமாண்டியை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். அவன் கரையில் ஏறித் தண்ணீரைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். மொக்கைச்சாமி மேலிருந்து, சாமி அதுக்கு மேல போகாதீக என்று கத்தினார். அவன் கேட்கவில்லை. பனையைப் பார்த்து, பாறையைப் பார்த்து, எட்டு வைத்து எண்ணிக்கொண்டே போனான். தொடை அளவு தண்ணீரில் நின்று காலால் துழாவினான். ஓரிடத்தில் ஏறி நின்றான். அவன் ஊன்றிய எல்லைக்கல், தாயி. கல் தண்ணீருக்குள் இருந்தது, அதன் மேல் நின்ற அவன் கணுக்கால் மட்டுந்தான் நனைந்தது, அந்தப் பெரிய தண்ணீருக்கு நடுவில் தண்ணீர் மேலேயே நிற்பது போல நின்றான். இங்கனதான் மாமா, நானே எட்டு வச்சு அளந்தேன், நானே கல்லு நட்டேன், இத்தன வருசமா தண்ணி நின்னு எவன் பாத்தான் என்று அங்கிருந்தே கூவினான். குரல் தண்ணீரில் போய்த் திரும்பி வந்தது. கரைக்கு வந்த பிறகுதான் சொன்னான், உன் இடத்தை ஒட்டி இரண்டு ஏக்கர் அவனுக்கும் பேசி, மனைவியின் சங்கிலியை முன்பணத்துக்குக் கொடுத்துவிட்டானாம். மதினி பக்கத்துல இருந்தா நம்ம பிள்ளைகளும் நாலு எழுத்துப் படிக்குமேன்னுதான் மாமா என்றான். அவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, அந்த நம்பர் என்ன என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது. அவன் உன்னை ஏமாற்றினான் என்று மட்டும் நினைத்துவிடாதே. அவனை நம்பவைத்தவர் அந்தப் பாறைக்குச் சொந்தக்காரரான மதுரைக்காரர். நான் கோர்ட்டுகளில் பார்த்தவரைக்கும் ஏமாந்த ஒருவன்தான் அன்போடு இன்னொருவர் கையைப் பிடித்து அதே இடத்துக்கு அழைத்துப் போகிறான்.

நீ அனுப்பிய முன்பணத்தை மீட்க மதுரையில் வக்கீல் ஒருவரைப் பார்த்திருக்கிறேன், வந்தால் எழுதுகிறேன். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் சாவகாசமாகக் கடிதம் எழுத இருந்தேன். முந்தாநாள் உன் அடுத்த கடிதம் வந்தது. மதுரைக்காரர் உனக்கு நேராகவே முக்தியார் பத்திரம் அனுப்பியிருக்கிறார், விருமாண்டி உன் சார்பாக எல்லாம் செய்யலாம் என்று எழுதிய அந்தக் காகிதத்தில் அடுத்த வாரம் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அடுத்த கப்பலில் அனுப்பப் போகிறாய் என்று படித்தேன். காகிதத்தை எனக்காக முழுதும் நகல் எடுத்து எழுதியிருந்தாயே, அந்த மட்டும் நீ என் மகள். ஆனால் எழுதின கை நின்று யோசிக்கவில்லை. ஒன்பதாவது வரியை மறுபடி படி. கிரயத்துக்குக் குறைகிற தொகைக்கு உன் பேரில் உள்ள வேறு எந்தச் சொத்தையும் ஈடு வைக்கலாம் என்று இருக்கிறது. உன் பேரில் வேறு என்ன சொத்து இருக்கிறது? இந்தப் பசுமலை வீடுதான். நீ கப்பலேறின வருஷம் நான் உனக்கு எழுதி வைத்த வீடு, ஓடு ஒழுகுகிற வீடு, இப்போது உன் அம்மா அண்டாச் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வீடு. விருமாண்டி இதை ஈடு வைக்க மாட்டான், ஆனால் வாசிக்கத் தெரியாதவன் கைநாட்டு வைப்பதற்கு எந்தக் காகிதத்தையும் நீட்டலாம் அல்லவா? அதனால்தான் தந்தி. உன் அம்மாவிடம் இதில் எதையும் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே.

பல வருஷத்துக்கு முன் மதுரைக் கோர்ட்டில் ரங்கூனிலிருந்து திரும்பிய ஒருவரைப் பார்த்தேன். பதினைந்து வருஷம் அண்ணனுக்குப் பணம் அனுப்பி நிலம் வாங்கச் சொன்னவர். நிலம் வாங்கப்பட்டது, அண்ணன் பேரில். பத்திரம் எங்கே என்று நீதிபதி கேட்டபோது அவர் துணிமூட்டையைப் பிரித்து நாற்பது கடிதங்களை மேஜை மேல் வைத்தார். ஒவ்வொன்றும் அன்புள்ள தம்பிக்கு என்று தொடங்கியது, நமது தோட்டத்தில் தென்னை காய்த்தது, நமது கிணற்றில் ஊற்று திறந்தது என்று இருந்தது. நமது என்ற சொல்லைக் காட்டிக் காட்டிப் பேசினார். அது பொய்யும் அல்ல, எழுதும்போது அண்ணன் அப்படித்தான் நினைத்திருப்பான். தூரத்தில் இருப்பவர்களுக்கு நிலம் கடிதத்தில்தான் விளைகிறது, தாயி. அதை வாங்காதே. எவ்வளவு சொந்தமானவர் கேட்டாலும் எல்லாவற்றையும் செய்யலாம் என்று ஒருவருக்கும் எழுதிக் கொடுக்காதே, இந்த நம்பர், இந்த எல்லை, இந்த ஒரு காரியம், இத்தனை மாதத்துக்குள் என்று இருந்தால் மட்டும் யோசி. எழுதாத முத்திரைத்தாளில் எனக்குக்கூடக் கையெழுத்துப் போட்டு அனுப்பாதே. ரிஜிஸ்தர் ஆபீஸில் வில்லங்கம் பார்த்த காகிதம் உன் கையில் வராமல் ஒரு காசு நகரக் கூடாது. வாங்குவதானால் லீவில் வந்து ஒரு கோடையும் ஒரு மழையும் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வாங்கு. இரண்டையும் பார்க்காத நிலம் பாதி நிலம்தான். அங்கேயே பால்மரத் தோட்டம் பங்குக்கு வருகிறது என்று மாப்பிள்ளையிடம் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய், அதற்கும் இதே பேச்சுத்தான். அதுவரைக்கும் பணம் தபாலாபீஸ் சேமிப்பிலேயே தூங்கட்டும்.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தால் பயப்படாதே, அழாதே. அதே அதிகாரியிடம் போய் ரத்து செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, நகலை ரிஜிஸ்தர் தபாலில் எனக்கு அனுப்பு, நான் இங்கே கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துக்கொள்கிறேன். போட்டேன் அல்லது போடவில்லை, அந்த ஒரு சொல்லை மட்டும் உடனே தந்தியில் சொல். அது வரும்வரை தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் குன்றடிப் பாதையில்தான் நிற்பேன். விருமாண்டிக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது, நான் வாசித்துக் காட்டுகிறேன். கோபித்து எழுதாதே. கரையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்து, மதினி மூஞ்சியில எப்படி மாமா முழிப்பேன் என்று அவன் கேட்டான். அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். டப்பா மண்ணைக் கொட்டிவிடாதே. கண்மாய்க் கரம்பை வண்டல் அது, செடிக்கு அதைவிட நல்ல எரு கிடையாது. உன் அம்மா இன்னும் அது புஞ்சை மண் என்றுதான் நம்புகிறாள், ஒரு மல்லிகை வைத்து அது பூத்ததும் அவளுக்கு எழுது. நீலப் படத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், கொஞ்சம் ஈரம் பட்டு வாசல் பக்கம் மட்டும் மை கரைந்திருக்கிறது.

முத்துத்தாய்க்குத் தாத்தா பதில் எழுதவில்லையே என்று அவள் கேட்பாள். நத்தைகளைத் தாத்தா பார்த்தேன் என்று சொல். கரையோரம் மடைக்கல்லில் ஒட்டிக்கொண்டு, மெதுவாக நகர்ந்துகொண்டு, எண்ண முடியாத அளவு இருக்கின்றன. அவள் ஜன்னலில் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் இவை அல்ல, ஆனால் அவர்களுடைய சனம்தான். தண்ணீர் வற்றினபோது அவை எங்கேயும் போகவில்லையாம், சேற்றுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு வருஷம் தூங்கினவாம், மொக்கைச்சாமி அப்படித்தான் சொன்னார். அது அவர்கள் ஊர். நாம்தான் ஆள் இல்லாத இடம் என்று நினைத்து விலை பேசிவிட்டோம்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், போன காரியம் நிறைவேறி, உங்கள் கால் ஈரமில்லாத ஒரு வாசலில் வந்து இறங்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் மீனாட்சியை வேண்டிக்கொள்கிறோம். அந்த ஒரு சொல்லை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
நல்லகாமன்